ஏழு நாள் தவணை

"பல் எப்படி இருக்கு, எஃப்.எம்.?"

டீச்சர் திடீரென்று கேட்டதும் எனக்கு ஒரு நொடி எந்தப் பல் என்றே விளங்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, கடைவாய்ப் பல் உயிரை எடுக்கிறது என்று சொல்லி லீவு போட்டிருந்தேன். அவசரமாக இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, இப்போது தேவலை என்றேன். அன்று பிடித்துக்கொண்டது வலது கன்னம் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. டீச்சர் பீரோவுக்குள் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

பெயர்தான் டீச்சர், இப்போது யாருக்கும் பாடம் எடுப்பதில்லை. பன்னிரண்டு வருடம் பரீட்சை ஹாலில் காப்பி அடிப்பவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர், அந்த ருசி விடாமல் துப்பறியும் ஏஜென்சி ஆரம்பித்துவிட்டார். பேட்டரிக் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு பீரோ, ஒரு கம்ப்யூட்டர், நான். அவருடைய பழைய தந்திரங்களில் ஒன்றை அடிக்கடி சொல்லுவார். சந்தேகம் வந்தால் ஹாலை விட்டுப் பத்து நிமிடம் வெளியே போய்விடுவாராம். கதவு இடுக்கில் நின்று யார் கை மேஜைக்கு அடியில் போகிறது என்று பார்ப்பாராம். என்னைவிட மூன்றே வயது மூத்தவர். வாய் ஓயாது என்பதால் எனக்கு எஃப்.எம். என்று பெயர் வைத்தவரும் அவர்தான். சாதாரணமாக என்னை நீ, வா, போ என்பார். கோபம் வந்தால்தான் எனக்கு 'நீங்க' கிடைக்கும்.

பீரோ விஷயத்தில் எங்களுக்குள் மூன்று வருடத் தகராறு. எதையும் தூக்கிப் போட மாட்டார். அன்றும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"டீச்சர், இந்த பீரோவுக்கு நான்தான் வீட்டுக்காரன்னு வச்சுக்குங்க. ஓட்டைக் குடை, ஒத்தைச் செருப்பு, கைப்பிடி இல்லாத வாளி, எல்லாத்தையும் காலி பண்ண ஏழு நாள் தவணை. அப்புறம் ஒரு கடுகைக்கூட உள்ள விட மாட்டேன்."

சிரிக்க வாயைத் திறந்தார். அதற்குள் கதவு தட்டப்பட்டது.

வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். கால்சட்டை முழங்காலில் கிரீஸ் கறை, சட்டைப் பையில் கட்டைப் பென்சில். லிஃப்ட் பரிசோதகர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். ஒரு கட்டடத்துக்குப் போனால் முதலில் உச்சி வரை நடந்தே ஏறி, கயிற்றையும் மோட்டாரையும் தடவிப் பார்த்து, மனசு ஒப்பிய பிறகுதான் லிஃப்டில் கால் வைப்பாராம். அதனால் ஆபீசில் அவருக்குப் பெயர் படிக்கட்டு. சொல்லும்போது அவரே கொஞ்சம் சிரித்தார். அதோடு சிரிப்பு தீர்ந்துவிட்டது.

போன வியாழக்கிழமை ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் கயிறு அறுந்து, ஒன்றரை மாடி சரிந்து தரையில் இடித்திருக்கிறது. உள்ளே வீடு வீடாகப் போய்த் துணி தேய்க்கும் பெண் ஒருத்தி. வலது கால் இரண்டு இடத்தில் முறிவு. அந்த லிஃப்டை அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால் பரிசோதித்தவர் படிக்கட்டு. கயிற்றில் பதினோரு இழை அறுந்திருக்கிறது, உடனே நிறுத்தவும் என்று அறிக்கை எழுதியதாக அவர் சொல்கிறார். ஆபீஸ் சர்வரில் அந்த அறிக்கை இருக்கிறது. அவர் பெயர், தேதி, நேரம் எல்லாம் இருக்கிறது. திறந்தால் உள்ளே ஒரு எழுத்து இல்லை. அது மட்டுமல்ல, அதையும் சேர்த்து அந்த நாட்களில் அவர் அனுப்பிய பதினாலு அறிக்கையும் காலி.

"கையால எழுதின குறிப்பு இருக்குமே?" என்று டீச்சர் கேட்டார்.

அதைக் கிழித்துவிட வேண்டும் என்பதுதான் ஆபீஸ் விதியாம். ஒரே லிஃப்டுக்கு இரண்டு எழுத்து இருந்தால் நாளைக்குக் குழப்பம் வரும் என்று வைத்த விதி. அறிக்கையை அனுப்பினால் திரையில் 'சேர்ந்தது' என்று வரும், வந்ததும் கிழிப்பார். பதினாலு முறையும் வந்ததாம், பதினாலு முறையும் கிழித்திருக்கிறார். கட்டடக் காவலாளியிடம் வாயால் சொல்லியும் பார்த்தாராம். தாள் வந்தால்தான் லிஃப்டை நிறுத்துவோம் என்று அவன் சொல்லிவிட்டானாம். லிஃப்ட் வாசலில் நின்ற இரண்டு மூன்று பேரிடமும் ஏறாதீர்கள் என்றாராம். முகங்கள் ஞாபகமில்லை.

"இன்னைக்கு நாலு மணிக்கு விசாரணை. நான் போகாமலே வெறும் பேரைப் போட்டு ஏமாத்தினேன்னு முடிவு பண்ணி, உரிமத்தைப் பிடுங்கப் போறாங்க. அதுகூடப் பரவாயில்லைங்க. இருபத்தாறு வருஷமா ஏறினேனே, அதைப் பொய்யின்னுட்டாங்க."

ஆபீஸ் எங்கே என்று டீச்சர் கேட்டார். அவர் தெருவைச் சொன்னதும் என் வாய் தானாக மூடிக்கொண்டது.

ஏனென்றால் அந்த ஆபீசின் மேனேஜர் என் மனைவியின் தம்பி. என் பல் வலித்த அந்தச் செவ்வாய்க்கிழமை முழுக்க நான் உட்கார்ந்திருந்தது அங்கேதான். வெளி வேலை எதையும் தொடக் கூடாது என்பது டீச்சர் போட்ட ஒரே நிபந்தனை. ஆனால் சர்வர் நிரம்பி வழிகிறது, வந்து பாருங்கள் அத்தான் என்று மச்சினன் கெஞ்சினான். வீட்டிலும் சிபாரிசு பலமாக இருந்தது. சின்னப் பொய்தானே என்று போய்விட்டேன். இந்த நிமிடத்திலாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குடையை எடுத்து டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, முன்னால் இறங்கினேன்.

*

ஆபீஸ் இரண்டாவது மாடியில் இருந்தது. படிக்கட்டு நடந்து ஏறினார், டீச்சரும் அவரோடு நடந்தார், வேறு வழியில்லாமல் நானும். மச்சினன் வாசலுக்கு வந்தான். 'அத்' என்று ஆரம்பித்தவன், டீச்சர் முதுகுக்குப் பின்னால் நான் கண்ணை உருட்டியதைப் பார்த்து, 'அது வந்து, உள்ள வாங்க சார்' என்று சமாளித்தான். மூளைக்காரன். பிறகு உள்ளே திரும்பி, நாலு டீ, ஒன்றில் மட்டும் சர்க்கரை வேண்டாம் என்று குரல் கொடுத்தான்.

சர்க்கரை இல்லாத டீ நேராக என் முன்னால் வந்து உட்கார்ந்தது. நான் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. அதை அங்கே யாரும் என்னிடம் கேட்கவில்லை. டீச்சர் என் தம்ளரைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார், தன் டீயை ஊதிக் குடித்தார்.

சர்வர் வேறு அறையில். அதைப் பார்க்கும் கம்ப்யூட்டர் மச்சினன் மேஜையில். பதினோரு பரிசோதகர்களுக்கும் அதில் ஆளுக்கொரு கணக்கு. அனுப்புகிற அறிக்கை அவரவர் பெயரில் போய்ச் சேரும். வந்த பெயர்களுக்கு டிக் போடுவதுதான் ஆபீசின் வேலை. திறந்து படிப்பது மாதக் கடைசியில், தாளில் அச்சடித்துக் கட்டடங்களுக்கு அனுப்பும்போது. அறிக்கைக்குள் 'உடனே நிறுத்தவும்' என்று இருந்தால் மட்டும், சர்வரே அன்றே அந்தத் தாளை அச்சடித்துத் தரும். படிக்கட்டின் பட்டியலை மச்சினன் திறந்து காட்டினான். பெயர், தேதி, நேரம், அளவு. அளவுக் கட்டத்தில் வரிசையாகப் பூஜ்யம்.

டீச்சருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. வெறும் விடைத்தாள் தெரியும்.

"ஒண்ணும் எழுதாம பேப்பர் குடுக்கறவங்களை நிறையப் பார்த்திருக்கேன். ஏமாத்தணும்னு நினைக்கறவன் பதினாலையும் ஒரே மூச்சுல போட்டுட்டுப் போயிருப்பான். இங்க பாருங்க, பதினாலும் பதினாலு நேரம். ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒரு கட்டடம் ஏறி இறங்கற நேரம் இருக்கு. இவர் ஏறியிருக்கார்."

படிக்கட்டு தரையைப் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். மச்சினன் மழுப்பலாகத் தலையாட்டினான்.

கடைசியாக எழுத்தோடு வந்த அறிக்கை எது என்று டீச்சர் அடுத்துக் கேட்டார். மச்சினன் மேலே தள்ளிப் பார்த்தான். இரண்டு வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, மதியம் பன்னிரண்டு பத்து. முதல் காலி அறிக்கை அன்றே மூன்று ஐந்து.

நான் மேஜைக்கு அடியில் விரல் விட்டு நாள் எண்ணினேன்.

ஏனென்று சொல்லிவிடுகிறேன். சர்வர் நிரம்பி வழிந்ததால் நான் அங்கே போட்டுக் கொடுத்தது கோட்டா. யாருக்கு எவ்வளவு இடம் என்ற வரம்பு. ஒருவருக்கு அளந்து போட்டு, அதையே மாதிரியாக வைத்து மற்ற பத்துப் பேருக்கும் நகல் எடுத்தேன். பத்து ஜிபி வரை தாராளம். பதினைந்துக்கு மேல் கதவு சாத்தல். நடுவில் இருப்பவருக்கு ஏழு நாள் தவணை. அதற்குள் பழசைக் கழித்துப் பத்துக்குள் வராவிட்டால், எட்டாம் நாள் அவர் பங்குக்கு ஒரு எழுத்துகூட உள்ளே போகாது. அந்தச் செவ்வாய் நான் எண்டர் தட்டியபோது மணி இரண்டே முக்கால். சாப்பாடு ஆறிப்போகிறது என்று மச்சினன் கத்தியதால் மணி பார்த்தேன். அதற்கு அடுத்த செவ்வாய் இரண்டே முக்காலுக்குத் தவணை முடிந்திருக்கும். மூன்று ஐந்துக்குப் படிக்கட்டு அனுப்பியது காலி.

அப்போதும் அதைச் சொல்லாமல், டீ ஆறிப்போயிற்று என்று என்னவோ உளறினேன்.

"அந்தச் செவ்வாய்க்கு முன்னாடி, உங்களுக்கு வித்தியாசமா ஏதாவது நடந்துச்சா? சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க" என்று டீச்சர் படிக்கட்டிடம் கேட்டார்.

அவர் யோசித்தார். பெரிதாக எதுவும் இல்லை, ஆபீஸ் மெயிலில் யாரோ கேலியாக ஒரு கடிதம் அனுப்பியிருந்தார்கள், அவ்வளவுதான் என்றார். அதைத் திறக்கச் சொன்னார் டீச்சர். படிக்கட்டு தன் மெயிலைத் திறந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, சத்தமாகப் படித்தார்.

"அன்புள்ள குடித்தனக்காரரே, உங்கள் அறை பிதுங்குகிறது. ஓட்டைக் குடை, ஒற்றைச் செருப்பு, கைப்பிடி இல்லாத வாளி எல்லாவற்றையும் காலி செய்யவும். ஏழு நாள் தவணை. அதற்குப் பிறகு ஒரு கடுகைக்கூட உள்ளே விட மாட்டோம். இப்படிக்கு, வீட்டுக்காரர்."

நான் டீச்சரைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் குறிப்புகளை வரி வரியாகப் படித்தேன்.

எச்சரிக்கைக் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று மச்சினன் கேட்டபோது, வறட்டு வாசகத்தை எவன் படிப்பான், சுவாரசியமாகப் போட்டால்தான் படிப்பார்கள் என்று நான்தான் சொன்னேன். எழுதிவிட்டு நானே இரண்டு முறை சிரித்தேன். வரம்பைத் தாண்டியிருந்த மூன்று பேருக்கு அது போயிற்று. மற்ற இரண்டு பேரும் ஆபீசிலேயே சுற்றுகிறவர்கள். மச்சினன் வாயாலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டான். படிக்கட்டு மட்டும் அன்று எங்கோ ஏறிக்கொண்டிருந்தார்.

டீச்சர் எழுந்தார். வருகைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றார். படிக்கட்டைத் தன்னோடு வரச் சொல்லிவிட்டு, கதவருகே நின்று, அதே சாதாரணக் குரலில் என்னிடம் சொன்னார்.

"பத்து நிமிஷத்துல வர்றேன். அந்தக் கம்ப்யூட்டரை அதுவரைக்கும் நீங்க பார்த்துக்குங்க."

'நீங்க' என்று சொன்னதை நான் கவனித்திருக்க வேண்டும். பயத்தில் காது அடைத்திருந்தது.

*

கதவு மூடியதும் மச்சினன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிசுகிசுத்தான். பயப்படாதீர்கள் அத்தான், தப்பு அவர் மேல்தான், பன்னிரண்டு ஜிபி சேர்த்து வைத்தது யார், அவர்தானே என்றான். கோட்டா நியாயமாகத்தான் பிடித்திருக்கிறது. ஆனாலும் எதற்கு வம்பு, அதை நிறுத்திவிட்டு, கடிதத்தையும் அழித்துவிட்டால் ஏதோ மெஷின் கோளாறு என்று போய்விடும் என்றான். அப்போது படிக்கட்டின் கதி என்ன என்று கேட்டேன். அவன் முதலாளியம்மா வந்துவிட்டார் போலிருக்கிறது என்று வெளியே போய்விட்டான்.

பன்னிரண்டு ஜிபி. எனக்கு அது உறுத்தியது. எழுத்து மட்டுமே அனுப்புகிற மனிதர் இருபது வருடம் எழுதினாலும் அவ்வளவு வராது. அன்றைக்கு அந்த எண்ணைப் பார்த்ததும், ஆசாமி சினிமா சேர்த்து வைத்திருக்கிறார் போல என்று ஒரு ஜோக் அடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருந்தேன். இப்போது பட்டியலைத் திறந்தேன்.

அவ்வளவும் புகைப்படங்கள். கயிறு, பல்சக்கரம், கதவு, மறுபடியும் கயிறு. ஒன்பதாயிரத்துச் சொச்சம். எதுவும் படிக்கட்டுடையதில்லை. தேதிகள் எல்லாம் அவருக்கு இங்கே கணக்குத் தொடங்குவதற்கு முந்தியவை. போன வருடம் ஓய்வு பெற்றுப் போன ஒரு பரிசோதகர் படம் எடுத்துத் தள்ளுவார் என்று மச்சினன் அன்றைக்கே சொல்லியிருந்தான். ஓய்வு பெற்றவரின் கணக்கை எடுத்தவர்கள் அவர் கோப்புகளை எடுக்கவில்லை. சர்வருக்கு மனிதர் பெயர் ஒரு பொருட்டில்லை. உள்ளுக்குள் ஒவ்வொருவரும் ஒரு எண்தான். காலியான எண்ணை அடுத்து வந்தவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்து, வேறு ஆபீசிலிருந்து இங்கே வந்து சேர்ந்தவர் படிக்கட்டு. போனவருடைய மூட்டை முழுக்க இவர் தலையில் விழுந்துவிட்டது. ஒரே ஒரு தடவை இந்தப் பட்டியலை நான் திறந்து பார்த்திருந்தால் போதும். அல்லது ஒரு கணக்கை வேண்டுமென்றே நிரப்பி, ஒரு அறிக்கை அனுப்பிச் சோதித்திருந்தால், இடம் இல்லாதபோதும் அந்த முட்டாள் புரோகிராம் 'சேர்ந்தது' என்று பொய் சொல்வது அன்றைக்கே தெரிந்திருக்கும். ஐந்து நிமிட வேலை. சாப்பாடு ஆறிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

சூடான சாப்பாட்டுக்கு ஒரு பெண்ணின் கால்.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கோட்டாவை நிறுத்தும் கட்டளை ஒரே வரி. அதை அடித்தேன். கடிதத்தை அழிக்கும் கட்டளை இன்னொரு வரி. அதையும் அதே வரியின் வாலில் ஒட்டினேன். எண்டர் தட்டினால் இரண்டும் போய்விடும், கூடவே என் பெயரும். சுண்டு விரல் அந்தச் சாவியின் மேல் இருந்தது. மனைவி முகம், வேலை, டீச்சருக்கு முன்னால் நிற்க வேண்டிய அவமானம் எல்லாம் அந்த விரலை அழுத்தின. படிக்கட்டு மூக்கை உறிஞ்சிய சத்தம் மட்டும் தடுத்தது.

அழுத்தியிருப்பேனா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

"உங்க பல் எப்படி இருக்கு?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

கதவு எப்போதோ விரலளவு திறந்திருந்தது. டீச்சர் உள்ளே வந்து என் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தார். அந்த வரிக்கு அர்த்தம் கேட்கவில்லை.

"ரெண்டு பேப்பர்ல சரியான விடை ஒரே மாதிரி இருந்தா நான் கண்டுக்க மாட்டேன். ஒரே தப்பு இருந்தாத்தான் பிடிப்பேன். கைப்பிடி இல்லாத வாளின்னு உலகத்துல ரெண்டு பேர் எழுத மாட்டாங்க. அந்த வாளி என் பீரோவுல இருக்கு."

கடைசியில் சொன்னேன். பல்லிலிருந்து கோட்டா வரை, புகைப்படக்காரர் எண் வரை. நடுவில் ஒரு ஜோக்கும் வரவில்லை. டீச்சர் முழுவதையும் கேட்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

"நாலு மணிக்கு இதை யார் சொல்லப் போறாங்க? நீங்களா, நானா?"

நான் சொல்கிறேன் என்றேன். அடித்து வைத்திருந்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

*

விசாரணைக்கு முதலாளியம்மா நடுவில் உட்கார்ந்தார். மச்சினன் ஜன்னல் பக்கம். படிக்கட்டு கதவுப் பக்கம், எப்போது வேண்டுமானாலும் வெளியே போகச் சொல்வார்கள் என்பதுபோல நாற்காலி நுனியில். நான் நின்றுகொண்டே பேசினேன். பேசி முடித்தபோது மச்சினன் என்னைத் தன் அக்கா புருஷன் என்றே மறந்துவிட்ட முகத்தோடு இருந்தான். வீட்டில் எனக்குத் தனிக் கச்சேரி காத்திருக்கிறது என்பது தெரிந்தது.

முதலாளியம்மா லேசில் மசிகிறவர் இல்லை. சர்வர் அறிக்கையைத் தின்றுவிட்டது, சரி, அந்த அறிக்கையில் லிஃப்டை நிறுத்து என்றுதான் எழுதினார் என்பதற்கு என்ன சாட்சி, நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தால் என்று கேட்டார். நியாயமான கேள்வி. தொலைந்த எழுத்தை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. அது சர்வருக்குள் போகவே இல்லை. படிக்கட்டு இன்னும் நுனிக்கு வந்தார்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"ஒரு சந்தேகம். ஒரு கடுகைக்கூட உள்ள விட மாட்டேன்னு சொன்னீங்க. அப்ப அறிக்கையோட பேர் மட்டும் எப்படி உள்ள வந்துச்சு?"

பெயர் அவருடைய இடத்தில் எழுதப்படுவதில்லை என்று விளக்கினேன். பொதுப் பட்டியல் ஒன்று இருக்கிறது, அதில் போய்ப் பதியும். உள்ளே இருக்கும் எழுத்துக்குத்தான் வரம்பு.

"அந்தப் பேரை யார் வைக்கறாங்க?"

புரோகிராமே வைக்கிறது என்று மச்சினன் முணுமுணுத்தான். படிவத்தில் நிரப்பியதிலிருந்து கட்டட எண், லிஃப்ட் எண், தேதி எல்லாவற்றையும் கோத்துத் தானாக ஒரு நீளப் பெயர் வைக்கும்.

"திரையில பாதிதான் தெரியுது. முழுசையும் காட்டுங்க."

பெயர்க் கட்டத்தின் ஓரத்தைப் பிடித்து வலது பக்கம் இழுத்தேன். ஒளிந்திருந்த பாதி வெளியே வந்தது. ஒவ்வொரு பெயரின் கடைசியிலும் ஒரே ஒரு இலக்கம். மச்சினன் கழுத்தை நீட்டிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: படிவத்தின் கடைசிக் கேள்வி முடிவு. ஒன்று என்றால் நல்ல நிலை. இரண்டு என்றால் பழுது பார்க்கவும். மூன்று என்றால் உடனே நிறுத்தவும்.

பதினாலு பெயரில் பத்து ஒன்றில் முடிந்தன, மூன்று இரண்டில். அந்த ஆறு மாடிக் கட்டடத்தின் பெயர் மூன்றில் முடிந்தது. பதிந்த நேரம், விபத்துக்கு ஏழு நாள் முந்திய வியாழன், காலை பதினொன்று நாற்பது.

முதலாளியம்மா அந்த மூன்றின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, உரிமத்தை உறையோடு படிக்கட்டிடம் கொடுத்து, மன்னித்துவிடுங்கள் என்றார். படிக்கட்டு அதை வாங்கிப் பென்சில் இருந்த பையில் வைத்துக்கொண்டார். எல்லோரும் கலைந்த பிறகு என் அருகே வந்தார். ஒரு அறை விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அந்த லெட்டர் நீங்க எழுதினதா?"

ஆமாம் என்றேன்.

"நல்லா இருந்துச்சு சார். சிரிச்சேன். வீட்டுல கூட எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன்." கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "சாதாரணமா எழுதியிருந்தீங்கன்னா, என்னன்னு யார்கிட்டயாவது கேட்டிருப்பேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் என் காதில் இருக்கிறது.

கிளம்புவதற்கு முன் மேஜையில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தைத் திருத்தினேன். உங்கள் இடம் நிரம்பிவிட்டது. இந்தத் தேதிக்குப் பின் நீங்கள் அனுப்பும் அறிக்கை சேராது. மேனேஜரை இன்றே பாருங்கள். மூன்று வரி. என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே ருசியில்லாத மூன்று வரி. டீச்சர் பின்னால் நின்று படித்துவிட்டு, கடிதத்துக்கு அடியில் எழுதியவர் பெயர் எங்கே என்று கேட்டார். போட்டேன்.

*

வீட்டுக்குப் போகும் வழியில் டீச்சர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிட்டார். என்னை வேலையை விட்டு எடுத்துவிட்டாரா, இல்லையா என்றுகூடக் கேட்கத் துணிச்சல் வரவில்லை.

"நாலாவது மாடி. ஜன்னல் பக்கத்துக் கட்டில். மேல போ, நான் இங்க இருக்கேன்."

'போ' என்றார். 'போங்க' என்று சொல்லவில்லை. அந்த இரண்டு எழுத்துக் குறைந்ததற்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. லிஃப்ட் வாசலில் கூட்டம் இருந்தது. நான் நடந்து ஏறினேன்.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். தொடை வரை மாவுக்கட்டு. கட்டில் ஓரத்தில் மடித்து வைத்திருந்த போர்வையின் விளிம்பை உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தாள். தேய்க்கிறவள் கை சும்மா இருக்கவில்லை. லிஃப்ட் ஆபீஸ் விஷயமாக வந்திருக்கிறேன் என்றேன். அவள் முகம் மாறியது. பயம் என்று நினைத்தேன். அது பயம் இல்லை.

"அந்த ஐயாவை வேலையை விட்டு எடுத்துட்டாங்களாமே? பென்சில் வச்சிருப்பாரே, அவரு. அவர் மேல தப்பில்லைங்க. அன்னைக்கே என்கிட்ட, இதுல ஏறாதேம்மான்னு சொன்னாரு. நாலு நாள் நான் நடந்துதான் ஏறினேன், துணி மூட்டையோட. அப்புறம் பார்த்தேன், தாள் ஒண்ணும் ஒட்டலை, எல்லாரும் ஏறிப் போறாங்க. சரிதான்னு நானும் ஏறிட்டேன்." போர்வையை நீவும் கை நின்றது. "நான் பண்ணின தப்புக்கு அவரு மாட்டிக்கிட்டாரேன்னுதான் தூக்கமே வரலைங்க."

என்ன சொல்லியாவது சிரிக்க வைக்கலாம் என்று பழக்கதோஷத்தில் வாய் தேடியது. எதுவும் அகப்படவில்லை. நல்லவேளை.

"தப்பு உங்க மேல இல்லைங்க. அவருக்கு உரிமம் திரும்பக் கிடைச்சாச்சு. அந்தத் தாள் ஏன் வரலைன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

உட்காருங்கள் என்று ஸ்டூலைக் காட்டினாள். உட்கார்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, பல் வலியிலிருந்து தொடங்கினேன்.